பள்ளிக்குப் பின் எவ்வழி?

புதுவை நகரிலிருந்து வடமேற்கே, ஊசுட்டேரிக்கு அப்பால், மயிலம் செல்லும் சாலையில் சேதராப்பட்டு என்னும் ஊர் இருக்கிறது. மணிலாவும் சவுக்கும் கண்ட செம்மண் பூமி அது. அந்நிலத்தினிடையே, பிப்டிக் என்று சுருக்கமாக வழங்கும் அரசுக் கழகத்தின் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. ஷிப்டு மாறும் வேளையில் உள்ளே செல்வோரும் வெளியே வருவோருமாக அதன் சாலை நிறைந்துவிடும். அவ்வூரிலோ, அதனை அடுத்த கரசூர், துத்திப்பட்டு, தொண்டமாநத்தம் முதலிய ஊர்களிலோ பன்னிரண்டாம் வகுப்பை முடித்து நிற்கும் ஒரு மாணவனை எண்ணிப் பாருங்கள். அவன் கண்முன் மூன்று இடங்கள் உள்ளன. ஒன்று, நடந்தே சென்று சேரக்கூடிய தொழிற்சாலை வாயில். மற்றொன்று, நகரத்துக் கல்லூரிக்குக் கொண்டு செல்லும் பேருந்து. மூன்றாவது, அவன் வீட்டுத் திண்ணை.

வேலைக்குப் போவதா, மேற்படிப்பில் சேர்வதா, ஓராண்டு பொறுத்திருந்து பின்னர் முடிவு செய்வதா என்னும் வினா ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் நம் நாட்டு வீடுகளில் எழுகிறது. நகரத்துப் பிள்ளைக்கு இது பெரும்பாலும் எந்தக் கல்லூரி என்னும் வினாவாகவே முடிந்துவிடும். சேதராப்பட்டுப் பிள்ளைக்கு அப்படியன்று. தொழிற்சாலை வாயிலில் இன்று பெயர் கொடுத்தால் அடுத்த மாதம் சம்பளம் வரும். அச்சம்பளத்தை எதிர்நோக்கி ஒரு குடும்பம் இருக்கிறது. ஆகவே இவ்வினாவை நான் அவனை நடுவில் வைத்தே ஆராய விரும்புகிறேன்.

எந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டு, எந்தத் தொழில் இருபதாண்டு நிலைக்கும் என்று கேட்போர் பலர். அதற்கு விடை கூறுவது சோதிடர்க்குரிய வேலை; அதனை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். நான் கூற வந்தது வேறு. மூன்று வழிகளில் எதனை மேற்கொண்டாலும், அவ்வழியிலிருந்து பிற வழிக்குத் திரும்புவதற்கு இடம் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். பதினேழு வயதில் செய்யும் முடிவு தவறாகப் போவது இயல்பே. தவறினால் மீள இடமின்றிப் போவதுதான் கேடு.

பழைய புதுவையில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகம் என்னும் எண்ணமே பலர்க்கு இருந்ததில்லை. பிரெவே தேர்வில் தேறியவன் எழுத்தர் வேலைக்குச் சைகோனுக்குக் கப்பல் ஏறினான். பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவனை ஊரார் சொல்தா என்றனர். அவன் முதுமையில் ஓய்வூதியத்தோடு திரும்பி வந்து வீடு கட்டினான். இவ்விரண்டுக்கும் வாய்ப்பில்லாதவன் பஞ்சாலைக்குச் சென்றான். பள்ளியாசிரியர் வேலையும் ஒரு சிலர்க்குக் கிடைத்தது.

அவ்வாறு ஆசிரியரானவர்களுள் ஒருவர் 1891-ஆம் ஆண்டு புதுவையிற் பிறந்த கனக சுப்புரத்தினம். கல்வே கல்லூரியிற் பயின்று தமிழ்த் தேர்வில் முதன்மையாகத் தேறிய அவர், 1909-இல் காரைக்காலை அடுத்த நிரவியில் ஆசிரியராக அமர்ந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. 1946-இல் ஓய்வு பெறும்வரை பள்ளியாசிரியராகவே இருந்தார். பாரதிதாசன் என்று நாடு அறிந்த பாவேந்தர் பல்கலைக்கழகத்தின் படியை மாணவராக மிதித்தவரல்லர்.

இதனைக் கேட்டவுடன், 'படிப்பு எதற்கு? வேலைக்குப் போயும் பெரியவராகலாம்' என்று முடிவு கட்டிவிடலாகாது. அவர் சென்றது எத்தகைய வேலை என்று பார்க்க வேண்டும். ஆசிரியப் பணி நாள்தோறும் நூலைக் கையில் எடுக்கச் செய்யும் பணி. மாலைப் பொழுதை மிச்சம் தரும் பணி. மேலும், 1908 முதல் 1918 வரை பாரதியார் புதுவையில் வாழ்ந்தார். 1910-இல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் வந்து சேர்ந்தனர். பதினெட்டு வயது இளைஞருக்கு அப்படியொரு கூட்டம் அமைந்துவிட்டால் பல்கலைக்கழகம் தனியே எதற்கு? அவர் வேலைக்குப் போனார் என்பது உண்மை. கற்பதை நிறுத்தவில்லை என்பதும் உண்மை. அவரிடமே பயின்ற வில்லியனூர் வாணிதாசனும் பள்ளியாசிரியராக இருந்துகொண்டே கவிஞரானார். ஒரு வேலை சம்பளத்தை மட்டும் தருகிறதா, சம்பளத்தோடு அறிவையும் பொழுதையும் தருகிறதா என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

இந்த வேறுபாட்டை இராமானுசன் வாழ்விலும் காணலாம். கும்பகோணத்துக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார், பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை என்று அவரைப் பற்றிச் சொல்லித் தேர்வில் தோற்ற மாணவரைத் தேற்றுவது நம்மவர் வழக்கம். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக அமர்ந்தார் என்பதையும் சொல்வார்கள். ஆனால், அந்த அலுவலகத்தில் அவருக்கு மேலே இருந்தவர் யார் என்பதை ஏனோ விட்டுவிடுவார்கள். நாராயண ஐயர் என்னும் அவ்வதிகாரி தாமே கணிதம் அறிந்தவர்; இந்தியக் கணிதக் கழகத்தில் பொறுப்பு வகித்தவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவர் திறனை மதித்தார். அவர்கள் இருந்ததனாலன்றோ கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதும் துணிவு பிறந்தது! 1913-இல் பட்டம் பெறாத அவ்விளைஞருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. வேலையிலிருந்து கல்விக்குத் திரும்பும் வழி அவருக்குத் திறந்தது. வேறோர் அலுவலகத்தில் வேறொருவர் கீழ் அதே 30 ரூபாய்க்கு அமர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது.

பஞ்சாலைக்குச் சென்றவர்கள் கதை வேறு. ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 1898-இல் தொடங்கியது. தந்தைக்குப் பின் மகன் என்று அங்கு வேலை பார்த்த குடும்பங்கள் உண்டு. 1936 ஜூலை 30-ஆம் நாள் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது பிரெஞ்சு அரசின் காவலர் சுட்டதில் பன்னிரண்டு பேர் உயிர் நீத்தனர். அதன் பின்னரே, 1937-இல், எட்டு மணி நேர வேலை புதுவையிற் சட்டமாயிற்று. அத்தனை விலை கொடுத்துப் பெற்ற உரிமைகளுடன் கூடிய ஆலை வேலை, உறுதியான வேலை என்று புதுவையில் பெயர் பெற்றிருந்தது. அந்த ஆலை 2020 ஏப்ரல் 30-ஆம் நாளோடு மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளும் அதே ஆண்டில் மூடப்பட்டன. மூடிய ஆலையிலிருந்து வெளியே வந்தவர்களுள் வேறு தொழில் அறிந்தவனுக்குத் துன்பம் குறைவு. ஓர் இயந்திரத்தின் ஒரு பகுதியை மட்டுமே அறிந்தவனுக்கு அவன் கற்றது வாயிலுக்கு வெளியே பயன்படாது.

இனிச் சேதராப்பட்டுத் தொழிற்சாலை வாயிலுக்கு வருவோம். அவ்வட்டாரத்தில் 'கம்பெனிக்குப் போகிறான்' என்றால் அது ஒரு மதிப்பான சொல்லே. அதனை இழிவாகப் பேசுவோர் அந்த வீட்டின் அடுப்பை அறியாதவர். தந்தை நோயுற்ற வீட்டில், தங்கையின் பள்ளிச் செலவு காத்திருக்கும் வீட்டில், பதினெட்டு வயதுப் பிள்ளை வேலைக்குப் போவது கடமை. அதனைத் தடுப்பதற்கு எனக்கோ பிறர்க்கோ உரிமையில்லை. எனினும், எந்த வேலைக்கு, எந்த நிபந்தனையோடு என்று கேட்கலாம்.

தொழிற்சாலையொன்றில் இரு வகையில் நுழையலாம். ஒப்பந்தக்காரர் மூலமாக நாட்கூலிக்கு நுழைவது ஒன்று. அங்கே பெட்டி அடுக்கவோ, பொருளைக் கட்டவோ, ஒரு பொத்தானை அழுத்தவோ ஒரு வாரத்திற் கற்றுக்கொள்ளலாம். அதன் பின் பத்தாண்டு இருந்தாலும் கற்க வேறொன்றும் இராது. ஒப்பந்தக்காரர் மாறினால் வேலையும் மாறும். மற்றொன்று, 1961-ஆம் ஆண்டின் தொழிற் பயிலுநர் சட்டப்படி நுழைவது. அதில் எழுத்து மூலமான, பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் உண்டு. இத்தனை மாதம் என்னும் வரையறை உண்டு. மாத உதவித்தொகை உண்டு. முடிவில் தேர்வும் நாடெங்கும் செல்லுபடியாகும் சான்றிதழும் உண்டு. தொடக்கத்தில் நாட்கூலியைவிட உதவித்தொகை குறைவாக இருக்கக்கூடும். அதனால் இளைஞர் பலர் முதல் வாயிலையே நாடுகின்றனர். இக்காலத்தில் எல்லாரையும் 'டிரெய்னி' என்று அழைப்பது கம்பெனிகளில் வழக்கமாகிவிட்டது. அப்பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள். பதிவு எண் எங்கே, எந்தத் தொழிலிற் பயிற்சி, எத்தனை மாதம் என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். பயிற்சி உண்டா இல்லையா என்பது அந்த விடையிலேயே தெரிந்துவிடும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா என்பதையும் கேளுங்கள்.

ஜெர்மனியில் இம்முறை ஒரு பெரிய கல்வி வழியாகவே வளர்ந்திருக்கிறது. பள்ளி முடித்த இளைஞன் வாரத்திற் சில நாள் தொழிலகத்திலும், சில நாள் தொழிற்பள்ளியிலுமாக மூன்று ஆண்டளவில் பயிற்சியை முடிக்கிறான். அவனை அங்கு யாரும் 'படிப்பு ஏறாதவன்' என்று சொல்வதில்லை. நம் நாட்டில் ஐ.டி.ஐ. மாணவனை அவ்வாறு சொல்லும் கொடுமை இன்னும் ஒழியவில்லை.

வேலைக்குப் போகும் இளைஞனுக்குத் திரும்பும் வழியை அடைப்பது வேலையன்று. நான் பார்த்தவரையில் அது தவணை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்று கொள்வோம். 'ஓராண்டு வேலை பார்த்துப் பணம் சேர்த்துக் கொண்டு கல்லூரிக்குப் போவேன்' என்று சொல்லித்தான் பிள்ளை புறப்படுகிறான். ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். கேட்பதற்குப் பெரிய தொகை. மூன்றாம் மாதத்தில் இருசக்கர வண்டி ஒன்று வாங்குகிறான். மாதம் 3,000 ரூபாய் வீதம் முப்பத்தாறு மாதத் தவணை. நம் ஊர்ப் பேச்சில் 'டியூ'. அடுத்து ஒரு கைப்பேசிக்கு டியூ. வீட்டுக்கு 6,000 ரூபாய் கொடுக்கிறான், அது முறையே. எஞ்சியது அவன் சோற்றுக்கும் துணிக்கும் சரியாகப் போகிறது. ஓராண்டு முடிந்து கல்லூரி விண்ணப்பம் வரும்போது இன்னும் இருபத்தேழு மாத டியூ நிற்கிறது. இப்போது அவன் வேலையை விட இயலுமா? ஓராண்டு என்று எண்ணிச் சென்றவனை மூன்றாண்டு கட்டிப் போட்டது அந்தத் தாள்தான். ஆகவே வேலைக்குப் போகும் தம்பியரை நான் கேட்டுக்கொள்வது, முதல் ஓராண்டுக்கு எந்தத் தவணைத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள் என்பதே. தொழிற்பேட்டை வீட்டுக்கு அருகில் இருக்கிறது; மிதிவண்டி போதும்.

நிற்க. வரப்போகும் தொழிற்சாலையை நம்பிக் காத்திருப்பதும் ஒரு வகைத் திண்ணை வாசமே. சேதராப்பட்டு, கரசூர்ப் பகுதியில் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. அந்நிலத்தில் ஆலைகள் எழும், ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை வரும் என்று பேசப்பட்டது. அந்த மண்டலம் பேசியபடி எழவில்லை. அதனை நம்பி ஒருவன் படிப்பையும் வேலையையும் ஒத்தி வைத்திருந்தால் அவன் இளமை கழிந்திருக்கும்.

இப்போது அந்தத் திண்ணையைப் பற்றியே பேச வேண்டும். பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஓராண்டை வேண்டுமென்றே விட்டு வைக்கும் வழக்கம் இங்கிலாந்து முதலிய நாடுகளில் உண்டு. அவ்வாண்டில் இளைஞர் ஊர் சுற்றுவர், தொண்டு செய்வர், சிறு வேலை பார்ப்பர். பல்கலைக்கழக இடத்தை முன்னதாகவே பெற்று, ஓராண்டு கழித்துச் சேர்வதாக ஒப்புதலும் வாங்கிக்கொள்வோர் அங்கு உண்டு. அந்த ஓர் ஏற்பாடு இல்லையென்றால் அவ்வழக்கத்தின் பொருளே மாறிவிடும். அதனை இறக்குமதி செய்ய விரும்பும் நம்மவர் இதைக் கவனிப்பதில்லை.

சிங்கப்பூரைப் பாருங்கள். 1967 முதல் அங்கே தேசிய சேவை கட்டாயமாயிற்று. ஆண்பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் உட்பட, உயர்பள்ளிப் படிப்பையோ பாலிடெக்னிக்கையோ முடித்த பின் இப்போது இரண்டாண்டு படையிலோ காவல்துறையிலோ குடிமைத் தற்காப்புப் படையிலோ சேவை செய்கின்றனர். ஒரு தலைமுறை முழுவதும் இரண்டாண்டு புத்தகத்தை மூடி வைத்தும் நாடு கெட்டுவிடவில்லை. ஏனெனில், அவர்களுக்குரிய பல்கலைக்கழக இடம் காத்திருக்கிறது. சேவை முடிந்தவன் நேரே சென்று அமர்கிறான்.

இலங்கையில் நிலை வேறு. உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவர், பல்கலைக்கழக அனுமதி கிடைத்து வகுப்புத் தொடங்கும்வரை நெடுங்காலம் காத்திருப்பது அங்கு வழக்கமாகிவிட்டது. ஓராண்டுக்கு மேலும் ஆவதுண்டு. அதுவும் தேர்வில் தேறியோர் அனைவர்க்கும் இடமில்லை. மூன்று தடவை பரீட்சை எழுத வாய்ப்பு உண்டு என்பதால், முதல் தடவையில் புள்ளி குறைந்தவன் இரண்டாம் தடவைக்கு இருக்கிறான். யாழ்ப்பாணத்து மாணவர் இக்காலத்தை ஆங்கிலம் கற்கவும், கணக்கியலும் கணினியும் பயிலவும் பயன்படுத்திக்கொள்வதுண்டு. தாமாக விரும்பாத இடைவெளியையும் வெறுமையாக விடாத அந்த வழக்கம் நாம் கற்க வேண்டியது.

நம் தமிழகத்திலும் புதுவையிலும் இடைவெளி ஆண்டு என்பது நடைமுறையில் மறு தேர்வு ஆண்டுதான். மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை மீண்டும் எழுதுவதற்காக ஒதுக்கப்படும் ஆண்டு அது. 'ரிப்பீட்டர்' என்னும் சொல்லைத் திண்ணைக் கிழவியரும் இன்று அறிவர். நீதிபதி ஏ. கே. ராஜன் தலைமையில் தமிழ்நாட்டரசு அமைத்த குழு 2021-இல் அளித்த அறிக்கையில் ஒரு கணக்கு உள்ளது. 2016-17-இல் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தோருள் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்தவர் நூற்றுக்கு 12 பேரளவில் இருந்தனர். 2020-21-இல் அவர்கள் 71 பேரளவில் ஆயினர். பள்ளி முடித்த அதே ஆண்டில் நேரே சேர்ந்தோர் சிறுபான்மையாகிவிட்டனர் என்பது இதன் பொருள்.

இக்கணக்கை ஒரு தந்தை எப்படிப் படிப்பார்? 'ஆகவே ஓராண்டு காத்திருந்தால் இடம் கிடைக்கும்' என்று படிப்பார். அது பிழையான படிப்பு. இடம் பெற்றவருள் எத்தனை பேர் காத்திருந்தவர் என்று அறிக்கை கூறுகிறது. காத்திருந்தவருள் எத்தனை பேர் இடம் பெற்றனர் என்பது வேறு கேள்வி. 2024-இல் நாடு முழுவதும் அத்தேர்வை எழுதியோர் ஏறத்தாழ 23 லட்சம், எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்தைச் சற்றே கடந்தவை. இந்த இரு எண்களையும் பக்கத்திற் பக்கம் எழுதி வைத்துக்கொண்டு வீட்டிற் பேசுங்கள். முதல் முயற்சியில் மிகக் கிட்டத்தில் வந்து தவறியவன் ஓராண்டு முயல்வது அறிவுடைமையே. வெகுதொலைவில் நின்றவன், ஊரார் கேட்பார்களே என்னும் அச்சத்தால் மட்டும் 'ரிப்பீட்டர்' ஆவது வேறு. அவனுக்கு வேண்டுவது தேர்வுப் பயிற்சியன்று. 'எனக்கு இப்படிப்பு வேண்டாம்' என்று தந்தையிடம் சொல்லும் துணிவு.

காத்திருக்கும் ஆண்டுக்குக் கதவுகள் வெவ்வேறு கணக்கு வைத்திருக்கின்றன என்பதையும் அறிய வேண்டும். நீட் தேர்வுக்கு இருந்த மேல் வயது வரம்பு 2022-இல் நீக்கப்பட்டது. அங்கே எத்தனை முறை முயன்றாலும் தடையில்லை. இத்தடையின்மையே சிலரை மூன்றாண்டு, நான்காண்டு இழுத்துச் செல்கிறது என்பது என் எண்ணம். ஜே.இ.இ. முதன்மைத் தேர்வோ, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டையும் சேர்த்து மூன்றாண்டுக்குத்தான் இடம் தருகிறது. ஐ.ஐ.டி.க்குரிய உயர்நிலைத் தேர்வுக்கு அடுத்தடுத்த இரண்டாண்டில் இரண்டு முறைதான். வேறு சில கல்லூரிகள் இடைவெளிக்குக் காரணம் எழுதிய சான்று கேட்கும். சில உதவித்தொகைகள் இடைவிடாது பயில்வோர்க்கே உரியவை. இவற்றையெல்லாம் திண்ணையில் அமருமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். மகன் ஓராண்டு வீட்டில் இருந்தால் 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்பார்கள். மகள் ஓராண்டு வீட்டில் இருந்தால் மூன்றாம் மாதமே தரகர் வருவார். சட்டம் திருமணத்துக்குப் பதினெட்டு வயதைக் கேட்கிறது. அந்த வயது சரியாக அவ்வாண்டிலேயே நிறைகிறது! ஆகவே ஆணுக்குக் காத்திருப்பாக இருக்கும் ஆண்டு பெண்ணுக்குப் பல வீடுகளில் முற்றுப்புள்ளியாகி விடுகிறது. இதனை மாற்ற வேண்டியது சமுதாயம்தான். ஆனால் சமுதாயம் மாறும்வரை பெண் காத்திருக்க இயலாது. விரும்பிய பாடம் கிடைக்கவில்லையானாலும், புதுவையில் 1968 முதல் நடந்துவரும் பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி போன்ற ஓரிடத்திற் கிடைத்த பாடத்திற் சேர்ந்துவிட்டு, அங்கிருந்தபடியே மறு முயற்சி செய்வது நல்லது என்று தங்கைகளுக்குச் சொல்வேன். ஆண்பிள்ளைகளுக்கு இந்த அறிவுரையை நான் கூறமாட்டேன். நேர்மையாகப் பேசினால், இருவர்க்கும் ஒரே அறிவுரை கூறும் நிலை நம் நாட்டில் இன்னும் வரவில்லை.

கல்லூரியைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. கற்கும் விருப்பும் செலவுக்கு வழியும் உடையவன் தயங்காமற் செல்லலாம். 1961-இல் தாகூர் கலைக் கல்லூரி தோன்றியது முதல், 1985-இல் பல்கலைக்கழகம் தோன்றியதுவரை புதுவைக்கு வந்த கல்வி நிலையங்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்காகவும் வந்தவையே. ஆனால், சும்மா இருப்பதற்குப் பதில் கல்லூரிக்குப் போகலாம் என்று போகிறவன், மூன்றாண்டு கழித்து அதே தொழிற்சாலை வாயிலில் அதே ஒப்பந்தக்காரர் முன் நிற்பதைக் காண்கிறோம். அவனுக்கு ஐ.டி.ஐ.யோ பாலிடெக்னிக்கோ ஏற்றதாயிருந்திருக்கும். இலாசுப்பேட்டையில் மோதிலால் நேரு பாலிடெக்னிக் இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிற் சேரலாம். டிப்ளமா பெற்றவன் பொறியியற் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டிற் சேரலாம். இவ்வாறு படிப்படியாக ஏறிப் பொறியாளரானவர்கள் நம் தொழிற்சாலைகளில் உண்டு. இயந்திரத்தைக் கையாலும் அறிந்தவர்கள் என்று அவர்களுக்குத் தனி மதிப்பும் உண்டு. வேலைக்குச் சென்றபின் படிக்க விரும்புவோர்க்கு 1985 முதல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இளங்கலையில் ஓராண்டு முடித்து இடையில் நிற்பவனுக்கும் ஒரு சான்றிதழ் அளித்து, பின்னர் வந்து தொடர இடம் தர வேண்டும் என்கிறது. அக்கொள்கையைப் பற்றி எத்தனையோ வழக்குகள் உண்டு. இந்த ஒரு கூறு ஏழை மாணவனுக்குப் பயன்படுமா என்பது அதனை நடத்தும் கல்லூரிகளைப் பொறுத்தது.

சேதராப்பட்டுப் பக்கத்து மாணவர் மறக்கலாகாத மற்றொன்று எல்லை. அங்கே புதுவை நிலமும் தமிழ்நாட்டின் வானூர் வட்டத்து நிலமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வயலுக்குப் போகும் வழியிலேயே இரண்டு அரசுகளைக் கடந்து போகலாம். நடப்பவனுக்கு எல்லை தெரியாது. விண்ணப்பம் எழுதுபவனுக்குத் தெரியும். புதுவை மாணவர்க்கான இடங்கள் சென்டாக் வழியே வழங்கப்படுகின்றன; அதற்குப் புதுவை இருப்பிடச் சான்று வேண்டும். வேலைக்காக அயலூரிலிருந்து வந்து வாடகை வீட்டிற் குடியிருக்கும் தொழிலாளியின் பிள்ளை, தான் எந்த அரசின் மாணவன் என்பதை ஜூன் மாதத்தில் அறிந்து திகைப்பதைவிட, பதினோராம் வகுப்பிலேயே வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து வைத்துக்கொள்வது மேல். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் அவ்வாறே.

அந்தச் சான்றிதழ்களைப் பற்றி ஒரு சொல். மதிப்பெண் சான்றும் மாற்றுச் சான்றும் கைக்கு வந்த அன்றே, கூட்டுறவு அச்சகமோ கணினி நிலையமோ எங்கேனும் சென்று நான்கு படிகள் எடுத்து வையுங்கள். வேலைக்குச் சேர்க்கும் தரகரோ ஒப்பந்தக்காரரோ 'மூலச் சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போ' என்று கேட்டால் கொடுக்காதீர்கள். பார்க்க விரும்பினால் காட்டி விட்டு, படியைக் கொடுத்து வாருங்கள். கல்லூரிகளும் மூலச் சான்றிதழைச் சரிபார்த்த பின் மாணவரிடமே திருப்பித் தர வேண்டும், பிணையாக வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. இடையில் விலகும் மாணவர்க்குக் கட்டணத்தைத் திருப்பித் தரும் முறையையும் அவ்வறிவிப்பு வகுத்துள்ளது. அதனை அறியாமல், வேறிடத்தில் நல்ல இடம் கிடைத்தும் 'சான்றிதழ் அங்கே இருக்கிறதே' என்று தங்கிவிடும் மாணவர் உண்டு. வீட்டில் ஒரு தகரப் பெட்டியோ ஓர் உறையோ ஒதுக்கி, மூலங்களை அதில் வைத்து, அது இருக்கும் இடத்தைத் தாயிடம் சொல்லிவிட்டு, அதன் பிறகு பேருந்துக்கோ தொழிற்சாலை வாயிலுக்கோ புறப்படுங்கள்.